நாற்றம் குறைந்த மாதம்

முதலில் போனது அவன் நாற்றம்தான்.
கொட்டகையை நான் நன்றாகக் கழுவியதால் என்று நினைத்தேன்.
பக்கத்து வீட்டு லிம்மின் மனைவி
மூன்று வருடத்தில் முதல்முறையாக
சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்து
வேலிக்கு மேலே ஒரு தட்டு குவே நீட்டினாள்.

அவன் பெயர் மேனேஜர்.
தோட்டத்துப் பழைய மேனேஜர் மாதிரியே
தாடியும், மூக்கைத் தூக்கிப் பார்க்கும் பார்வையும்.
ஜம்னாபாரிக் கடா, நாலாயிரம் வெள்ளி.
என் கூட்டுறவுக் கடன் முழுதும்
அந்த நீளக் காதுகளில் தொங்கியது.

மார்ச்சிலிருந்து பகாவில் மழை இல்லை.
செம்பனைக் குருத்துகள் விரிய மறந்து
ஈட்டி ஈட்டியாய் நின்றன.
மத்தியானத்தில் தகரக் கூரை டிக் டிக்கென்று
தனக்குத் தானே பேசும்.
மேனேஜர் தீனியை முகர்ந்து விட்டுவிடுவான்.
வாய் திறந்து, நாக்குத் தள்ளி, விலா அடிக்க
நின்றபடியே மூச்சு வாங்குவான்.
விதைப்பை முழங்கால்வரை இறங்கியிருக்கும்,
புழுங்கும் வீட்டைவிட்டு
வாசலில் வந்து படுப்பவர்களைப் போல.
பெட்டைகள் வாலாட்டிக் கத்தினாலும்
கணக்குப் பார்க்க வேண்டியவன்போல் திரும்பிக்கொள்வான்.

சில நாள் ஏறினான். நானே பார்த்தேன்.
ஆனால் ஓங் கடைக் காலண்டரில்
இருபத்தொரு நாளுக்கு ஒரு வட்டம்,
மறுபடி இருபத்தொரு நாளுக்கு ஒரு வட்டம்.
ஏழு பெட்டையும் திரும்பத் திரும்பக் கத்தின.
ஒன்றுக்கும் சினை நிற்கவில்லை.
பெட்டைகளைத்தான் குறை சொன்னேன்.
இரண்டை விற்றும் விட்டேன்.

கால்நடை இலாகாவிலிருந்து நூர் ஹஸ்லினா வந்தார்.
ஒரு ரப்பர் குழாய், கொஞ்சம் வெந்நீர்,
பிறகு நடந்ததை நான் எழுதப் போவதில்லை.
என் சோற்று மேசையில் கருவியை வைத்து
"தெங்கோ, காக்" என்றார்.
குனிந்து பார்த்தேன்.
ஓட வேண்டியவை நின்ற இடத்திலேயே வட்டமடித்தன.
சிலதுக்கு வால் சுருண்டிருந்தது.
சிலதுக்குத் தலை தனியாகக் கிடந்தது.

"இது இன்றைய வெயில் இல்லை," என்றார்.
"இரண்டு மாதத்துக்கு முந்திய வெயில்.
உள்ளே உருவாகும்போதே வெந்தது
இப்போதுதான் வெளியே வருகிறது.
விற்றுவிடாதீர்கள். கூரைக்கு அத்தாப்பு போடுங்கள்.
தீனி இருட்டியபின். பெட்டை விடியலில்.
அறுபது நாள் பொறுங்கள்."

அன்றிரவு சோறு போடும்போது
அவரிடம் சொன்னேன்.
பதினொரு வருடமாக ஆலையில் அவர் பாய்லர்காரர்.
ஷிப்ட் முடிந்து வந்தால்
இடுப்பு பெல்ட்டின் இரும்புகூடச் சுடும்.
எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம்.
சிரம்பான் கிளினிக், மாத்திரை, ஸ்கேன், பால்குடம்,
எல்லாம் எனக்கு.
அதற்கும் ஒரு காலண்டர் இருந்தது.

நான் ஆட்டைப் பற்றித்தான் பேசினேன்.
அவரும் ஆட்டைப் பற்றித்தான் கேட்டார்.
"திரும்பி வருமா?"
"வரும்னாங்க."
"எத்தனை நாளு?"
"அறுபது."
ரசத்தைக் கையில் ஊற்றிக் குடித்தார்.
"நாளைக்கு அத்தாப்பு கொண்டாறேன்."

இரண்டு நாள் லீவு போட்டுக் கூரை வேய்ந்தார்.
எங்கள் படுக்கையறை விசிறியைக் கழற்றிக்
கொட்டகையில் மாட்டினார்.
ராத்திரியெல்லாம் நாங்கள் வியர்த்துக் கிடந்தோம்,
மேனேஜர் காற்று வாங்கினான்.

நேற்று, துவைக்குமுன், சட்டைப் பையில்
நாலாய் மடித்த பாரம் ஒன்று.
பாய்லரிலிருந்து எடைப்பாலத்துக்கு மாற்றல் கேட்டு.
குணாளன் த/பெ சன்னாசி என்று மட்டும் எழுதியிருந்தது.
காரணம் என்ற கோட்டின்மேல்
பேனாவை வெகுநேரம் ஊன்றிய ஒரு நீலப் புள்ளி.
நனையாமல் எடுத்து மேசையில் வைத்தேன்.
ஒன்றும் கேட்கவில்லை.

மழை இன்னும் வரவில்லை.
இன்று நாற்பத்து மூன்றாம் நாள்.
விடியலில் லிம்மின் மனைவி
ஜன்னலைப் படாரென்று சாத்தினாள்.
நான் கொட்டகை வாசலுக்கு ஓடிப்போய்
மூக்கு நிறைய இழுத்தேன்.